ஐந்து வாரம் வண்டி ஓட்டிவிட்டுச் சான்சிபாரில் இறங்குவது எப்படி

சான்சிபார்த் தீவில் எங்களுக்கு முதல் விடியல். ஐந்தரை மணிக்கே என் கணவர் எழுந்து வெளியே போனார். ஐந்து வாரமாக அந்த நேரத்துக்கு எழுந்து டயர்களைத் தட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். வண்டியோ கடலுக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் துறைமுக நகரமான டார் எஸ் சலாமில் நின்றுகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் மணலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார்.

நீண்ட சாலைப் பயணத்தைத் தீவில் முடிக்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கடற்கரைக்குப் போய்ச் சேர்வது எளிது. சாலையை உடம்பிலிருந்து இறக்கி வைப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். நாங்கள் அதில் பாதியைச் சரியாகவும் பாதியைத் தப்பாகவும் செய்தோம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது போட்சுவானாவின் கபரோனேயில். எங்களுடையது பழைய ஹைலக்ஸ், கூரையில் கூடாரம். நானும் கணவரும் பதினொரு வயது மகளும் ஜூன் தொடக்கத்தில் கிளம்பினோம். மவுன், கசானே, கசுங்குலா பாலம், சாம்பியாவின் லிவிங்ஸ்டன், லுசாகா, தெற்கு லுவாங்வா பூங்கா, சிப்பாட்டா, அப்புறம் மலாவி ஏரிக்கரை ஓரமாகவே வடக்கே ஏறி, சோங்வே எல்லையைக் கடந்து தான்சானியா. சுற்றுவழிகளோடு சேர்த்து 5,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. போட்சுவானாவில் காலையில் தண்ணீர்க் குடத்தின் மேல் மெல்லிய பனித்தகடு நின்றது. ஐந்து வாரம் கழித்து அதே உடுப்போடு இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பில் கால் வைத்தோம். இந்த மாற்றத்துக்காகவே தீவைக் கடைசியில் வைக்க வேண்டும். முதலில் தீவுக்குப் போய்விட்டுப் பிறகு சாலையில் இறங்கியிருந்தால், லுவாங்வாவின் புழுதியை மகள் இவ்வளவு பொறுமையாகத் தாங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பருவம். ஜூன் முதல் அக்டோபர் வரை சாலைக்கும் கடலுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் காலம். உள்நாட்டில் மழை இருக்காது, மண்பாதைகள் காய்ந்திருக்கும். தீவில் கூசி எனப்படும் தென்கிழக்குக் காற்று வீசும், வெயில் சுடாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தீவு அருமையாக இருக்கும். ஆனால் அப்போது சாம்பியாவிலும் மலாவியிலும் மழைக்காலம், பூங்காக்களின் உள்பாதைகள் சேறாகிவிடும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை தான்சானியக் கடற்கரையில் மசிகா என்னும் பெருமழை. அந்த மாதங்களில் தங்கும் விடுதிகள் சில மூடியே இருக்கும். பயணத்தின் முடிவு அங்கே போய் விழாதபடி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்து, கடைசி மூன்று நாள் ஓட்டம். தான்சானியாவின் தென்மேற்கிலுள்ள எம்பேயாவிலிருந்து டார் எஸ் சலாம் ஏறக்குறைய 830 கிலோமீட்டர். கடல் பக்கத்தில் இருக்கிறது என்ற ஆசையில் இதை இரண்டே நாளில் முடிக்கத் தோன்றும். வேண்டாம். சாம்பியாவையும் காங்கோவையும் துறைமுகத்தோடு இணைக்கும் லாரிச் சாலை அது. கிட்டோங்கா மலைச்சரிவில் லாரிகள் நத்தையாக ஊரும், ஒரு லாரி படுத்துவிட்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் வேகம் 50-க்குக் குறைய வேண்டும். போலீஸார் கையில் கேமராவோடு மரநிழலில் இருப்பார்கள். சாலைப் பலகையில் ஊர் முடிவு தெரியும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். நாங்கள் எம்பேயாவிலிருந்து இரிங்கா, இரிங்காவிலிருந்து மிக்குமி, மிக்குமியிலிருந்து டார் என்று மூன்றாகப் பிரித்தோம். பிரித்ததால் இரண்டு நன்மைகள். இரிங்காவைத் தாண்டி ருவாஹா ஆற்றோரம் பாவோபாப் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கைக் காலை வெளிச்சத்தில் பார்த்தோம். நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவை ஊடறுத்துத்தான் போகிறது. அதனால் டிக்கெட் இல்லாமலே கடைசி யானைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். விலங்குகளுக்கு விடைகொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இருட்டிய பிறகு மட்டும் இந்தச் சாலையில் ஓட்டவே கூடாது.

டாருக்குள் நுழைவதை ஞாயிறு காலைக்கு வையுங்கள். மொரோகோரோ சாலையில் கிபாஹா தாண்டியதிலிருந்து நெரிசல்தான். நடுவில் காலியாகத் தெரியும் தடம் விரைவுப் பேருந்துக்கு உரியது, ஆசைப்பட்டு அதில் ஏறிவிட வேண்டாம்.

இப்போது நாங்கள் செய்த பெரிய தப்பு. தீவில் விடுதியை, டாருக்கு வந்துசேர வேண்டிய நாளுக்கு மறுநாளிலிருந்தே பதிவு செய்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். வழியில் ஓர் எல்லையில் கணினி வேலை செய்யவில்லை என்று வண்டிக்கான தற்காலிக அனுமதிச் சீட்டுக்காக ஒன்றரை நாள் காத்திருந்தோம். அங்கே சேர்ந்த தாமதம் அப்படியே கடைசி வரை வந்தது. இரண்டு இரவுகளின் வாடகை போயிற்று. பணத்தைவிட, அந்த இரண்டு நாளைப் பிடிக்க நான் எல்லோரையும் அவசரப்படுத்தியதுதான் இன்னும் மனசில் இருக்கிறது. சாலைக்கும் தீவுக்கும் நடுவில் மூன்று நாளாவது காலியாக விடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து முதல் இரவுகளைப் போடுங்கள். தாமதமே ஆகாவிட்டாலும் அந்த மூன்று நாளுக்கு வேலை உண்டு.

டாரில் இரண்டு இரவாவது தங்கித் துணி துவைத்து, வண்டியைக் கழுவி, பெட்டிகளைப் பிரித்துப் போட வேண்டும். நாங்கள் துறைமுகத்துக்குத் தெற்கே கிகம்போனி பக்கம் ஒரு முகாமில் இறங்கினோம். 2016-இல் பாலம் வந்ததிலிருந்து நகரத்தில் படகுக்கு நிற்காமல் அங்கே போய்விடலாம். சாலையில் தேவைப்பட்டது எதுவும் தீவில் தேவைப்படாது. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பைகளைத்தான் எடுத்துப் போனோம். அடுப்பு, கயிறு, மண்வெட்டி, கனமான காலணி, குளிர் சட்டை எல்லாம் வண்டியிலேயே இருந்துவிட்டன.

வண்டியைத் தீவுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சரக்குப் படகில் ஏற்றலாம்தான், ஆனால் கூலியும் காகித வேலையும் அலைச்சலும் சேர்ந்து ஓய்வையே தின்றுவிடும். காவலுள்ள முகாமிலோ விடுதியிலோ நாள் வாடகை பேசி நிறுத்துங்கள். தென்னை மரத்தடி மட்டும் வேண்டாம், ஒரு காய் விழுந்தால் கண்ணாடி போய்விடும். பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், உப்புக் காற்றில் பிரேக் பிடித்துக்கொள்ளும். குளிர்பெட்டியைக் காலி செய்து துடைத்து, மூடியைத் திறந்தே விடுங்கள். ஒரு பிடி அரிசி, மாவு கூட உள்ளே இருக்கக் கூடாது, எலி வரும். கூரைக் கூடாரத்தை ஒரு முழு வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகே மடியுங்கள். நாங்கள் அவசரத்தில் ஈரமாக மடித்தோம். திரும்பி வந்தபோது துணி முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அனுமதிச் சீட்டு எந்தத் தேதி வரை என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். தீவில் படுத்திருக்கும்போது அது காலாவதியாகிவிடக் கூடாது. அதன் படம் போனில் இருக்கட்டும், அசல் உங்கள் கையில் இருக்கட்டும்.

தான்சானியா விசாவே சான்சிபாருக்கும் செல்லும், தனி விசா கிடையாது. ஆனால் சான்சிபாருக்குச் சொந்தமாகக் குடிவரவுச் சோதனை உண்டு. உள்நாட்டிலிருந்தே போனாலும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அப்புறம் 2024 அக்டோபர் 1 முதல், வெளிநாட்டுப் பயணிகள் சான்சிபார் அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பயணக் காப்பீட்டை வாங்கியாக வேண்டும். பெரியவர்களுக்கு 44 டாலர். உங்களிடம் ஏற்கெனவே எவ்வளவு நல்ல காப்பீடு இருந்தாலும் இது தனி. இணையத்தில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 ஜூன் முதல் தடை. சாலையில் சேர்ந்துபோன கடைப் பைகளை எல்லைக்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

வேகப் படகு டார் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது, செயின்ட் ஜோசப் தேவாலயத்துக்கு எதிரே. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். டிக்கெட்டைப் படகு நிறுவனத்தின் கவுண்டரிலோ இணையத்திலோ வாங்குங்கள். சாலையிலேயே உங்களை மறித்து "ஆபீஸ் இங்கேதான்" என்று அழைத்துப் போகிறவர்களுக்கு "ஹபானா, அசாந்தே" (வேண்டாம், நன்றி) சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் ஆடும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. கீழ்த்தளத்தில் நடுவே, பின்பக்கமாக உட்காருங்கள். விமானத்தில் போனால் இருபது நிமிடம்தான். ஆனால் இத்தனை நாடுகளைத் தரையில் கடந்து வந்தவர்கள், கரை மெல்ல விலகுவதைப் படகிலிருந்து பார்ப்பதே நல்லது. மகள் கடைசி வரை பின்தளத்திலேயே நின்றாள்.

தீவில் இறங்கியதும் நேராகக் கடற்கரைக்குப் போங்கள், பழைய நகரமான ஸ்டோன் டவுனைக் கடைசிக்கு வையுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துறைமுகம் நகரத்திலேயே இருப்பதால் முதல் இரண்டு நாள் அங்கே தங்குகிறார்கள். சாலையிலிருந்து வந்த உடம்போடு அந்தச் சந்துகளில் அலைந்தால் எதுவும் மனசில் ஏறாது. வழி கேட்பது, பேரம் பேசுவது, பையைப் பிடித்துக்கொள்வது என்று சாலையில் செய்ததையே மறுபடி செய்வீர்கள். நான்கைந்து நாள் தூங்கி எழுந்த பிறகு அதே சந்துகள் வேறு மாதிரி இருக்கின்றன. விமான நிலையமும் நகரத்துக்குப் பக்கத்தில்தான், அதனால் கடைசியில் அங்கே இருப்பது வசதியும்கூட.

எந்தக் கடற்கரை என்பதைக் கடலின் ஏற்றமும் வற்றமும்தான் தீர்மானிக்க வேண்டும், படங்கள் அல்ல. கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி பக்கம் தரை மிகச் சமதளம். வற்றத்தின்போது கடல் பவளப்பாறை விளிம்பு வரை, சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் வரை பின்வாங்கிவிடும். நீச்சலுக்காகவே போகிறவர்கள், காலை எழுந்து பார்த்தால் தண்ணீரே இல்லை என்று வருத்தப்படுவார்கள். வடக்கே நுங்வி, கெண்ட்வா கரைகளில் ஏறக்குறைய எந்த நேரமும் நீந்தலாம். கூட்டமும் சத்தமும் அங்கேதான் அதிகம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மீட்டர் அளவுக்குப் போகும், நடுவில் வரும் நாட்களில் குறையும். நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். விடுதியில் ஏற்ற நேரம் எழுதிய அட்டை இருக்கும். முதல் வேலையாக அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜம்பியானியைத் தேர்ந்தெடுத்தேன், திரும்பப் போனாலும் அதையேதான் எடுப்பேன். சாலையிலிருந்து வந்தவர்களுக்கு ஏற்றவற்றம் ஒரு பெரிய உதவி. இந்த நேரத்துக்குக் கடல் வரும், இந்த நேரத்துக்குப் போகும், நாம் முடிவெடுக்க ஒன்றுமில்லை. வற்றத்தில் பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பாத்திகள் வெளியே தெரியும். அதை அங்கே ம்வானி என்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து பாசியைக் கட்டுவதும், கம்பியால் குழிகளில் குத்தி ஆக்டோபஸ் தேடுவதும் அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், கயிறுகளை மிதிக்க வேண்டாம். வயதானவர்களைப் பார்த்தால் "ஷிகாமோ" என்று சொல்லுங்கள், "மரஹாபா" என்று பதில் வரும். என் மகள் இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு நாளில் பாத்திக்குள் அழைக்கப்பட்டாள்.

அந்தப் பாத்தியில்தான் கடல் முள்ளெலியை மிதித்தாள். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு இல்லாமல் வற்றத்தில் நடக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அன்று ஒருநாள் விட்டுவிட்டேன். ஒரு பாட்டி பச்சைப் பப்பாளியைக் கீறி அதன் பாலை முள் குத்திய இடத்தில் தடவினார், அங்கே வழக்கமாகச் செய்யும் வைத்தியம் அது. இரண்டு நாளில் முட்கள் மேலே வந்தன.

முதல் மூன்று நாளுக்கு எந்தச் சுற்றுலாவும் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் நாள் எங்கள் யாருக்கும் பேச்சே வரவில்லை, இரண்டாம் நாள் காரணமில்லாமல் சண்டை, மூன்றாம் நாள் மதியம் மூவரும் நான்கு மணி நேரம் தூங்கினோம். அதற்குப் பிறகுதான் கணவர் விடிந்த பிறகு எழத் தொடங்கினார். நாங்கள் ஒன்பது இரவு இருந்தோம். ஐந்து வாரப் பயணத்துக்கு ஏழுக்குக் குறைந்தால் போதாது. நான்கு நாள்தான் முடியும் என்றால், வழியில் ஒரு பூங்காவை விட்டுவிட்டு அந்த நாட்களை இங்கே கொண்டுவாருங்கள்.

தீவில் வண்டி வாடகைக்கு எடுக்கலாம், அதற்குச் சான்சிபாரின் தனி ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆனால் கொஞ்சநாள் வேறு யாராவது ஓட்டட்டுமே. டாலா-டாலா என்னும் சிற்றுந்துகள் எல்லா ஊருக்கும் போகின்றன. கிட்டத்தில் போக ஆட்டோ உண்டு. அதற்கு அங்கே பெயர் பஜாஜி, நம் பஜாஜேதான். நான்காம் நாளுக்குப் பிறகு ஜோசானி காட்டுக்கு ஒரு காலை போனோம். சான்சிபாரில் மட்டுமே வாழும் செங்குரங்குகள், சிவப்புக் கொலோபஸ், அங்கே தலைக்கு மேல் கிளை கிளையாகத் தாவுகின்றன. இரண்டு பக்கமும் கட்டை நீட்டிய சிறு பாய்மரப் படகில் ஒரு நாள் பவளப்பாறை வரை போனோம். அவ்வளவுதான்.

பணத்தை ஷில்லிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். 2025 முதல் உள்நாட்டில் எதற்கும் வெளிநாட்டு நாணயத்தில் விலை கேட்கக் கூடாது என்று தான்சானியாவில் விதி வந்திருக்கிறது. நகரத்திலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போவது நல்லது. ஜம்பியானியில் நல்ல சிறு விடுதியில் எங்கள் அறைக்கு இரவுக்கு 1,20,000 ஷில்லிங் ஆயிற்று. தேங்காய்ப்பால் சோறும் மீனும் கிராமத்துக் கடையில் சாப்பிட்டால் செலவு குறைவு. நீச்சலுடை மணலில் மட்டும். ஊருக்குள் வரும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர்கள், நாம் அவர்கள் வாசல் வழியாகத்தான் நடக்கிறோம். ரமலான் மாதத்தில் போனால் பகலில் வெளியே சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

கடைசி இரண்டு இரவு ஸ்டோன் டவுன். மாலையில் ஃபொரொதானி பூங்காவில் கடலோரம் அடுப்புகள் எரியும். புளிப்பும் காரமுமாக, பஜ்ஜித் துண்டுகள் மிதக்கும் உரோஜோ ஒரு கிண்ணம் வாங்கிக் குடியுங்கள். பகலில் ஆங்கிலிகன் தேவாலயத்துக்குப் போக வேண்டும். 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். மலாவி ஏரிக்கரையிலிருந்து இந்தச் சந்தைக்கு மனிதர்களை நடத்தியே கொண்டுவந்தார்கள். அதே ஏரியிலிருந்து அதே திசையில் நாங்களும் வந்திருந்தோம், வண்டியில். மகள் வரைபடத்தில் விரல் வைத்து அந்தத் தூரத்தை அளந்தாள். கடற்கரைக்கு முன் இங்கே வந்திருந்தால் இதை உள்வாங்க எங்களிடம் தெம்பு இருந்திருக்காது. கிராம்பும் ஏலக்காயும் வாங்கிக்கொள்ளுங்கள். சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள்.

மகளும் நானும் சான்சிபாரிலிருந்தே விமானம் ஏறினோம். கணவர் படகில் டாருக்குத் திரும்பி, அங்கே வந்து சேர்ந்த நண்பரோடு டுண்டுமா, லுசாகா வழியாக ஆறு நாளில் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார். இப்படி ஆள் மாற்றிக்கொள்ள முடிந்தால் எல்லோருக்கும் நல்லது.

மருந்து விஷயம் ஒன்று பாக்கி. தீவில் மலேரியா குறைவு என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லுவாங்வாவில் கடித்த கொசுவின் காய்ச்சல் தீவில் வந்து தெரியலாம். டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் மலேரியாப் பகுதியை விட்ட பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். டாக்சிசைக்ளின் சருமத்தை வெயிலுக்கு மிகவும் கூசவைக்கும். வண்டிக்குள் இருந்தவரை தெரியாது. கணவரின் நெற்றியும் பாதத்தின் மேற்பகுதியும் ஜம்பியானியில் ஒரே மதியத்தில் கொப்பளித்துவிட்டன. அவர் மாதிரி அந்த மாத்திரை போடுகிறவர்கள் முழுக்கைச் சட்டையோடுதான் கடலில் இறங்க வேண்டும். தீவில் காய்ச்சல் வந்தால் சோர்வு என்று நினைக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனை.

மலாவி ஏரியில் குளித்தவர்கள் எல்லோரும் மூன்று மாதம் கழித்து, ஏரித் தண்ணீரில் தொற்றும் புழு நோயான பில்ஹார்சியாவுக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்தான். காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் மறந்துபோகும். நாங்கள் அக்டோபரில் செய்தோம். மகளுக்கு மட்டும் இருந்தது. டாக்டர் எடை பார்த்துப் பிராசிகுவான்டெல் கொடுத்தார், ஒரே நாள் மருந்து.